அகல நடவுக்கு எந்த ரகம்? கேழ்வரகும் துணைப்பயிரும்



ஆடிப்பட்டம் நெருங்குகிறது. குழுக் கூட்டங்களில் இப்போது உள்கடன் கேட்டு வருகிற மனுக்களில் பாதி "விதை, உழவுச் செலவு" என்றுதான் வருகிறது. உழவுக்கு ட்ராக்டர் யாருடையது, மணிக்கு எவ்வளவு என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் விதையை மட்டும் "கடையில என்ன இருக்கோ அதைக் குடுங்க" என்று வாங்கி வந்து விடுகிறோம். வருஷம் முழுக்க வீட்டில் களி கிண்டப்போவது அந்த விதையை நம்பித்தான். ஆகவே இந்த இதழில் விதையைப் பற்றி, குறிப்பாக அகல நடவுக்கும் ஊடுபயிருக்கும் ஏற்ற கேழ்வரகு ரகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் படிப்போம்.

கேவுரு, ராகி, ஆரியம், கேப்பை என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இங்கே கேழ்வரகு என்றே எழுதுகிறோம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து மானாவாரி நிலத்தை மனதில் வைத்து இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது.

முதலில் நாங்கள் செய்த தவறு

பாடம் சொல்வதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் குழு உறுப்பினர்களுக்கு அகல நடவுப் பயிற்சி கொடுத்தோம். "வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 25 சென்டிமீட்டர். விதை பாதி போதும், களை எடுப்பது சுலபம், ஒவ்வொரு குத்தும் நன்றாகத் தூர் கட்டும்" என்று சொன்னோம். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பன்னிரண்டு பேர் ஒத்துக்கொண்டு, உள்கடன் எடுத்து, ஆனி மாதம் நாற்று விட்டார்கள்.

விதை வாங்கப் போனபோது கையிருப்பில் இருந்தது 100 நாள் ரகம். "சீக்கிரம் வந்துவிடும், நல்லதுதானே" என்று அதையே வாங்கிக் கொடுத்தோம். ஊடுபயிருக்குத் துவரை கேட்டார்கள். அதிலும் 105 நாள் ரகம்தான் கிடைத்தது. அதையும் வாங்கினோம்.

நடந்தது என்ன? மழை தள்ளிப்போய், 15 நாளில் நட வேண்டிய நாற்றை 28-ஆம் நாள் நட்டோம். நாற்றங்காலிலேயே தூர் கட்டும் வயசு கழிந்துவிட்டது. குறைந்த வயது ரகம் வேறு. ஒரு குத்துக்கு இரண்டு, மூன்று கதிருக்கு மேல் வரவில்லை. இடையில் வெறும் மண் கிடந்தது, அந்த இடத்தைக் களை பிடித்துக்கொண்டது. துவரையோ கேழ்வரகோடு சேர்ந்தே மளமளவென்று வளர்ந்து நிழல் கட்டியது. கேழ்வரகு அறுவடைக்கு வந்தபோது புரட்டாசி மழை. துவரைக்கும் பூவெல்லாம் அந்த மழையில் கொட்டிப்போனது. பன்னிரண்டு பேரில் பாதிப்பேருக்குப் பழைய முறையில் வந்த அளவுகூட வரவில்லை. ஒரு சகோதரி மூன்று மாதம் கடன் தவணை கட்ட முடியாமல் கூட்டத்துக்கே வராமல் இருந்தார். அவரைத் தேடி வீட்டுக்குப் போனபோது எங்களுக்குத் தலை நிமிர முடியவில்லை. தவணை தவறியது அவர். ஆனால் விதையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நாங்கள்.

அந்தக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் வயலைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார்: "ஏம்மா, எங்க மாமியா காலத்துல கேவுருக்குள்ள தொவரை போட்டா, கேவுரு அறுத்துக் களத்துக்கு வந்தப்புறம்தான் தொவரை பூவே எடுக்கும். நீங்க குடுத்தது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டி போடுது."

நாங்கள் படித்த படிப்பில் இல்லாத பாடத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நடவு அகலம், கேழ்வரகு ரகம், துணைப்பயிர் ரகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். தினமும் வரவு செலவு எழுதுகிறவர்கள் நாம்.

நான்கு குச்சியை எடுத்து ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சதுரம் கட்டிக்கொள்ளுங்கள். அதை வயலில் வைத்தால் உள்ளே எத்தனை குத்து இருக்கும்?

• வழக்கமான வரிசை நடவில் வரிசைக்கு வரிசை ஒரு சாண் (22.5 செ.மீ.), செடிக்குச் செடி நாலு அங்குலம் (10 செ.மீ.). சதுரத்துக்குள் சுமார் 44 குத்து.

• 25-க்கு 25 செ.மீ. அகல நடவில் சுமார் 16 குத்து.

• முழத்துக்கு முழம் (45-க்கு 45 செ.மீ.) நட்டால் சுமார் 5 குத்துதான்.

வழக்கமான நடவில் ஒரு குத்துக்கு 2 கதிர் என்று வைத்துக்கொண்டால், 44 குத்தில் 88 கதிர். அதே 88 கதிர் அகல நடவில் வர வேண்டுமானால்? 16 குத்தும் ஆளுக்கு ஐந்து, ஆறு கதிர் கொடுக்க வேண்டும். முழத்துக்கு முழம் நட்டால் ஒவ்வொரு குத்தும் 17, 18 கதிர் கொடுக்க வேண்டும்.

இடம் தாராளமாகக் கிடைப்பதால் கதிர் கொஞ்சம் பெரிதாகவும் வரும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டு மூன்று தூரோடு நின்றுவிடுகிற ரகத்தை அகலமாக நட்டால் நஷ்டம்தான் என்பது புரிகிறதல்லவா? எங்கள் பன்னிரண்டு பேருக்கு நடந்ததும் இதுதான். நன்றாகத் தூர் கட்டும் ரகத்தை நெருக்கி நட்டாலும் வீண்தான். அது பரவ இடம் இல்லாமல் ஒல்லியாக உயர்ந்து, காற்றடித்தால் சாய்ந்துவிடும்.

விதை வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எத்தனை நாள் பயிர்?

குறைந்த நாள் ரகம் என்றால் உடனே ஆசை வரும். ஆனால் தூர் கட்டுவதற்குச் செடிக்கு நேரம் வேண்டும். 95, 100 நாளில் முடிகிற ரகம் அவசரமாகக் கதிர் தள்ளப் போய்விடும். 110 முதல் 125 நாள் வரை இருக்கிற ரகத்துக்கு இடத்தை நிரப்ப அவகாசம் கிடைக்கும். அகல நடவுக்கு நடுத்தர வயதோ கொஞ்சம் நீண்ட வயதோ உள்ள ரகமே பொருந்தும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் பகுதியில் புரட்டாசி, ஐப்பசியில்தான் நல்ல மழை. ஆனியில் விதைத்த 100 நாள் ரகம் சரியாக அந்த மழையில் முற்றி நிற்கும். கதிர் கறுக்கும், சில சமயம் கதிரிலேயே முளைக்கும். 120 நாள் ரகம் என்றால் ஐப்பசிக் கடைசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போகும். அதே சமயம், மழை பிந்தி ஆவணியில்தான் விதைக்கிறோம் என்றால் நீண்ட வயது ரகம் ஆபத்து. மணி பிடிக்கும்போது ஈரம் இருக்காது. அப்போது குறைந்த வயது ரகத்தை எடுத்துக்கொண்டு, நெருக்கமாக நடுவதுதான் புத்திசாலித்தனம். அகல நடவு நல்ல முறைதான் என்றாலும் எல்லா வருஷமும் எல்லாருக்கும் அது பொருந்தாது.

2. எத்தனை தூர் கட்டும்?

கடைக்காரரிடம் கேட்டால் "நல்லா வரும்மா" என்பார். அதை நம்ப வேண்டாம். போன வருஷம் அந்த ரகம் போட்ட சகோதரியின் வயலைக் கேளுங்கள். கதிர் வந்த தூர் எத்தனை என்று எண்ண வேண்டும். கதிர் வராத வெறும் தூர் கணக்கில் சேராது, அது மாட்டுக்குத்தான்.

3. தண்டு நிற்குமா, சாயுமா?

அகலமாக நட்ட குத்தில் கதிர் பெரிதாக வரும், தலை கனக்கும். தண்டு உறுதி இல்லாவிட்டால் ஐப்பசிக் காற்றில் படுத்துவிடும். படுத்த கதிரைக் குனிந்து பொறுக்குவது யார்? நாம்தான். ஊடுபயிர் இருந்தால் சாய்ந்த கேழ்வரகு துவரைச் செடிமேல் விழுந்து இரண்டையும் கெடுக்கும்.

4. குலைநோய் தாங்குமா?

இலையில் கண் போன்ற புள்ளி, கதிர்க் கழுத்தில் கறுப்பு, விரலில் கறுப்பு என்று மூன்று நிலையில் குலைநோய் தாக்கும். கழுத்தில் வந்தால் அதற்கு மேலே உள்ள கதிர் முழுக்கப் பதராகும். நெருக்க நடவில் 44 குத்தில் நாலு போனால் தெரியாது. அகல நடவில் 16 குத்தில் நாலு போனால் கால்வாசி வயல் போன மாதிரி. ஆகவே அகல நடவுக்கு நோய் தாங்கும் குணம் முக்கியம்.

5. களி எப்படி, தட்டு எப்படி?

இந்தக் கேள்வியை எந்த அலுவலரும் கேட்க மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். மாவு களிக்கு ஒட்டுமா, நிறம் வீட்டில் ஒத்துக்கொள்வார்களா? தட்டு மாடு விரும்பித் தின்னுமா? கேழ்வரகுத் தட்டை நம்பித்தான் கோடையில் கறவை மாடு நிற்கிறது. மணி கூடி, தட்டு குறைந்தால் அது முழு லாபம் ஆகாது.

நம் பகுதிக்குக் கிடைக்கிற ரகங்கள்

நாள் கணக்கு விதைத்த நாளிலிருந்து. மண், மழை, குளிரைப் பொறுத்து ஐந்து, பத்து நாள் முன்னே பின்னே ஆகும்.

• குறைந்த வயது (சுமார் 95–100 நாள்): கோ 13, ஜி.பி.யு. 48. பிந்திய மழைக்கும் நெருக்க நடவுக்கும் ஏற்றவை.

• நடுத்தர வயது (சுமார் 105–115 நாள்): கோ (ரா) 14, பையூர் 2, ஜி.பி.யு. 28, அத்தியந்தல் 1. இதில் பையூர் 2 என்பது காவேரிப்பட்டணம் பக்கத்திலுள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில், நம் மானாவாரிக்கென்றே உருவானது. அத்தியந்தல் 1 திருவண்ணாமலை மாவட்டத்துச் சிறுதானிய ஆராய்ச்சி மையத்தில் வந்தது. ஜி.பி.யு. 28 பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்து ரகம். குலைநோயை நன்றாகத் தாங்குவதால் எல்லையோர கிராமங்களில் நிறையப் பேர் போடுகிறார்கள்.

• நீண்ட வயது (சுமார் 120–125 நாள்): எம்.ஆர். 1, எம்.ஆர். 6. மண்டியாவில் உருவானவை. பருவத்தில் விதைப்பவர்களுக்கும், ஒன்றிரண்டு தண்ணீர் கட்ட வசதி உள்ளவர்களுக்கும் ஏற்றவை.

"இதில் ஒன்றைச் சொல்லுங்க மேடம்" என்று கேட்பீர்கள். மானாவாரியில், ஆனிக் கடைசியிலோ ஆடி முதலிலோ விதைத்து, 25-க்கு 25 நடுவதானால் நடுத்தர வயது ரகங்களில் ஒன்றைத் தொடங்குவது பத்திரம். அதில் எது என்பதை உங்கள் மண்தான் சொல்ல வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று கீழே சொல்கிறோம்.

துணைப்பயிர்: தோழியா, போட்டிக்காரியா?

கேழ்வரகு வேர் மேல்மண்ணில் சல்லிசல்லியாகப் பரவும். துவரை ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஒருத்தி மேல் பானையில் குடிக்கிறாள், இன்னொருத்தி கீழ்ப் பானையில் குடிக்கிறாள். அதனால் சண்டை இல்லை. துவரை வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பதும், இலை உதிர்ந்து மண்ணுக்கு உரமாவதும் நமக்கு இலவச வரவு.

ஆனால் தோழி என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் அவசரப்படக் கூடாது.

துவரை: 170–180 நாள் ரகங்களான வம்பன் 2, கோ 6, கோ 8, எல்.ஆர்.ஜி. 41 போன்றவை முதல் ஒன்றரை, இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும். அந்த நேரத்தில் கேழ்வரகு தன் வேலையை முடித்துக்கொள்ளும். கேழ்வரகு அறுத்த பிறகு துவரைக்கு வெயிலும் இடமும் முழுசாகக் கிடைத்து, கிளை விரித்துப் பூக்கும். மார்கழி, தையில் காய் அறுக்கலாம். மாறாக வம்பன் 3 போன்ற 100–105 நாள் ரகம் தனிப்பயிராகப் போட ஏற்றது. ஊடுபயிரானால் கேழ்வரகோடு மல்லுக்கு நிற்கும். அந்த மூத்த சகோதரி சொன்னது இதைத்தான்.

மொச்சை: நாட்டு மொச்சை பனி விழுந்தால்தான் பூக்கும். எப்போது விதைத்தாலும் அதன் நேரம் அதுதான். கேழ்வரகு அறுத்த வயலில் மார்கழிப் பனியில் மொச்சை மணப்பது நமக்குத் தெரியாதா? இதுவும் நல்ல தோழி. ஆனால் கொடி ஓடி கேழ்வரகுமேல் ஏறும் ரகமானால் வரிசையைக் குறைத்து, தள்ளித் தள்ளி விதைக்க வேண்டும். எப்போது விதைத்தாலும் பூக்கிற குத்துச்செடி ரகத்தை இதற்கு வாங்கி ஏமாற வேண்டாம். அது தனிப்பயிருக்கானது.

தட்டைப்பயறு (காராமணி): சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். கேழ்வரகு தூர் கட்டி மூடுவதற்குள் தட்டைப்பயறு நிலத்தை மூடி, களையை அடக்கும். கொடி ஓடாத ரகமாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் குழம்புக்கு ஆகும்.

ஆமணக்கு, கடுகு: வரப்போரம், பத்துப் பதினைந்து வரிசைக்கு ஒரு சால். அதிகம் வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட விவசாயிகள் இப்படிக் கேழ்வரகுக்கு நடுவே பல பயிர்களைச் சாலில் போடுவதை "அக்கடி சாலு" என்பார்கள். நம் பாட்டிமார்களும் செய்ததுதான். கேழ்வரகு மட்டும் தனியாக, அதுவும் முழுக்க விற்பனைக்கு என்று ஆன பிறகுதான் பருப்பும் மொச்சையும் சந்தையிலிருந்து காசு கொடுத்து வாங்கும் பொருளாயின. துவரம்பருப்பு விலையைக் குழுவில் யாருக்கும் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஊடுபயிரில் வருகிற அரை மூட்டைத் துவரை, வருஷம் முழுக்க வீட்டுக் குழந்தைகள் தட்டில் பருப்பாக விழும்.

எப்படி அமைப்பது?

சுருக்கமாகச் சொல்கிறோம். செயல்முறைப் பயிற்சியில் விரிவாகக் காட்டுவோம்.

• எட்டு வரிசை கேழ்வரகு, அடுத்து இரண்டு வரிசை துவரை. இதை "எட்டுக்கு ரெண்டு" என்று நினைவில் வையுங்கள். இரண்டு துவரை வரிசைக்கு நடுவில் இரண்டு அடி விடவும். மொச்சையானால் எட்டுக்கு ஒரு வரிசை போதும்.

• வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 2 கிலோ கேழ்வரகு விதை வேண்டும். 25-க்கு 25 நடவுக்கு ஒரு கிலோவே தாராளம்.

• ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தால் குலைநோய்க்கு முதல் தடுப்பு. துவரை, மொச்சை விதைக்கு ரைசோபியம் கலக்க வேண்டும்.

• 15 நாள் இளநாற்று, வேர் அறுபடாமல், குத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. மழை தள்ளிப்போகும் என்று பயமிருந்தால் நாற்றங்காலை ஒரே நாளில் விடாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விடுங்கள். முதல் நாற்று முற்றிவிட்டால் இரண்டாவது கைகொடுக்கும். முற்றிய நாற்றை நட்டே ஆக வேண்டும் என்றால் அகலத்தை விட்டுவிட்டு, ஒரு சாண் வரிசையில் நெருக்கி நடுங்கள்.

• கயிற்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு துணிமுடிச்சுப் போட்டால் அளவுகோல் தயார்.

மற்ற ஊர்ப் பெண்களும் செய்கிறார்கள்

கர்நாடகத்தின் ஆவேரி மாவட்டத்தில் "குளி ராகி" என்று ஒரு முறை உண்டு. முழத்துக்கு முழம் குழி, குழிக்கு ஒரு கை மக்கிய எரு, இரண்டு நாற்று. நட்ட பிறகு "கொரடு" என்ற மரக்கட்டையை மாடு கட்டி இளம்பயிர்மேல் இழுப்பார்கள். பயிர் வளைந்து, அடியிலிருந்து நிறையத் தூர் கிளம்பும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் "ஐயோ, பயிர் போச்சே" என்று பதறிப்போவார்கள். ஆனால் அவர்கள் அதற்கேற்ற, தூர் கட்டும் ரகத்தைத்தான் போடுகிறார்கள். ஒரு குத்து 17, 18 கதிர் கொடுக்க வேண்டிய கணக்கு இங்கேதான் நிறைவேறுகிறது.

வடக்கே பீகாரில் கோதுமையிலும் இதே கதைதான். அங்கே ஏக்கருக்கு 40 கிலோவுக்கு மேல் கோதுமை விதையை இறைப்பது வழக்கம். 2008-09 பருவத்தில் கயா, நாளந்தா மாவட்டங்களில் விவசாயிகள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், 20-க்கு 20 செ.மீ. இடைவெளியில், இடத்துக்கு இரண்டு விதை என்று ஊன்றிப் பார்த்தார்கள். விதை ஏக்கருக்குப் பத்துக் கிலோ அளவில் முடிந்தது. நம்மைப் போலவே சுய உதவிக் குழுக்கள் மூலம் அது கிராமம் கிராமமாகப் பரவியது. அங்கும் விதி ஒன்றுதான்: அகலமாக ஊன்றினால் நன்றாகத் தூர் கட்டும் கோதுமை ரகம் வேண்டும். கோதுமைக்கு நடுவே அவர்கள் கடுகு போடுவார்கள், ஒன்பது வரிசைக்கு ஒன்று. நமக்குத் துவரை எப்படியோ, அவர்களுக்குக் கடுகு அப்படி.

குழுவாகச் செய்ய வேண்டியது: சோதனைப் பாத்தி

இந்தத் தடவை நாங்கள் யாரையும் "முழு ஏக்கரும் மாற்றுங்கள்" என்று கேட்கப் போவதில்லை. உள்கடன் எடுத்து முழு நிலத்தையும் புது முறைக்கு மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர் முன்வந்தால் போதும். ஒவ்வொருவரும் 15 சென்ட் மட்டும் ஒதுக்குங்கள். மீதி நிலம் உங்கள் வழக்கப்படியே இருக்கட்டும்.

1. 15 சென்ட்டை 5, 5, 5 என்று மூன்று பாத்தியாகப் பிரியுங்கள். மூன்றிலும் வேறு வேறு கேழ்வரகு ரகம். அதில் ஒன்று நீங்கள் இதுவரை போட்டு வந்த வீட்டு விதையாக இருக்கட்டும்.

2. மூன்றிலும் ஒரே அகலம், ஒரே எரு, ஒரே நாளில் நடவு. துணைப்பயிரும் ஒன்றே. ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அது ரகம். எல்லாவற்றையும் மாற்றினால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாது.

3. கதிர் வந்ததும் நாலு குச்சிச் சதுரத்தை ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று இடத்தில் வையுங்கள். கதிர்களை எண்ணி எழுதுங்கள். நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து வைக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள்!

4. சாய்ந்த குத்து, கழுத்து கறுத்த கதிர் எத்தனை என்றும் எழுதுங்கள்.

5. அறுவடையில் மணியைத் தனித்தனியாகத் தூக்கிப் பாருங்கள். தட்டையும் கட்டுக் கணக்கில் எழுதுங்கள். தையில் துவரையையும் மறக்காமல் சேருங்கள். கேழ்வரகு அறுத்ததும் கணக்கை மூடிவிட்டால் துவரைக்கு அநியாயம்.

6. கடைசியாக, மூன்று ரகத்திலும் களி கிண்டி குழுக் கூட்டத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் பார்த்து ஓட்டுப் போடுங்கள்.

விதையைப் பற்றி இரண்டு வார்த்தை

வெளியில் வாங்கினால் பையில் நீலநிறச் சான்று அட்டை இருக்கிறதா, சோதனை நாள் என்ன என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். எந்த விதையானாலும் 100 மணியை ஈரத்துணியில் முடிந்து வைத்து, 75-க்குக் குறையாமல் முளைத்தால்தான் நிலத்துக்கு அனுப்புங்கள்.

கேழ்வரகு பெரும்பாலும் தன் பூவிலேயே தானே கருவுறும். ஆகவே நல்ல ரகம் ஒருமுறை கைக்கு வந்தால், கலப்படம் ஆகாமல் நம் வயலிலேயே பல வருஷம் விதை எடுக்கலாம். அறுவடைக்கு முன்பே வயலுக்குள் போய், நிறையத் தூர், சாயாத தண்டு, நோயில்லாத பெரிய கதிர் உள்ள குத்துகளுக்குத் துணி கட்டி, அவற்றைத் தனியாக அறுங்கள். களத்தில் மொத்தமாக அடித்த பிறகு நல்ல மணியைத் தேடிப் பயனில்லை. மணியைப் பார்த்து அதன் தாய் எத்தனை தூர் கட்டினாள் என்று சொல்ல முடியாது. துவரைக்குத் தேனீ பூவுக்குப் பூ போவதால் பக்கத்து வயல் ரகம் கலக்கும். விதைக்கென்று எடுப்பதை மற்றத் துவரையிலிருந்து தள்ளி வளர்க்க வேண்டும்.

2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். நாம் விளைவிப்பதற்கு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் விதை வேறு யார் கையிலோ இருந்தால் அந்த மதிப்பு முழுசாக நம் கைக்கு வராது. ஒவ்வொரு கிராமத்திலும் குழுக்கள் சேர்ந்து ஒரு விதைப்பானை வைக்கலாம். ஒரு படி வாங்கினவர் அறுவடையில் ஒன்றரைப் படியாகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்மானம் போடலாம். சேமிப்புக்கும் கடனுக்கும் நாம் பழகிய அதே ஒழுங்குதான்.

நினைவில் வைக்க

• அகல நடவு என்றால் நிறையத் தூர் கட்டும், சாயாத, நடுத்தர அல்லது நீண்ட வயது ரகம்.

• மழை பிந்தினால் அல்லது நாற்று முற்றினால் அகலம் வேண்டாம். குறைந்த வயது ரகம், நெருக்க நடவு.

• துணைப்பயிர் கேழ்வரகுக்கு நன்றாகப் பின்னால் வர வேண்டும், அல்லது நன்றாக முன்னால் போக வேண்டும். கூடவே வரக் கூடாது.

• முதலில் 5 சென்ட், பிறகு ஏக்கர்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. போன வருஷம் நம் குழுவில் யார் யார் என்ன ரகம் போட்டார்கள்? ரகத்தின் பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

2. நம் மாமியார், பாட்டி காலத்தில் கேழ்வரகுக்குள் என்னென்ன விதைத்தார்கள்? அந்த விதை இன்னும் யார் வீட்டுப் பானையிலாவது இருக்கிறதா?

3. சோதனைப் பாத்திக்கு முன்வரும் மூன்று பேர் யார்? அவர்களுக்கு நஷ்டம் வந்தால் குழு எப்படித் தோள் கொடுக்கும்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அன்று கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன சகோதரியின் தவணையைப் பிறகு குழுவே பேசித் தள்ளிவைத்தது. அவர் திரும்பி வந்தார். அடுத்த ஆடியில் முதல் சோதனைப் பாத்திக்குக் கை தூக்கியவரும் அவர்தான். "இந்த வாட்டி வெதைய நான் பாத்து எடுக்கறேன் மேடம், நீங்க சும்மா இருங்க" என்றார். நாங்களும் சும்மா இருந்தோம். வம்பன் 2 துவரையும் பையூர் 2 கேழ்வரகும் அவர் தேர்ந்தெடுத்தது. கேழ்வரகு களத்துக்கு வந்த அன்று, துவரை அப்போதுதான் அரும்பு கட்டியிருந்தது.

அடுத்த இதழில்: அறுவடைக்குப் பின் கேழ்வரகு சேமிப்பு.

உங்கள் சோதனைப் பாத்திக் கணக்கை எழுதி, கூட்டமைப்பு மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள்.